ஊறுகாய் பாட்டிலில் எலும்பு மாத்திரை

போன மாதம் எங்கள் எலும்பு ஆராய்ச்சிப் பிரிவில் பழைய ஸ்கேன் மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நான் ஓய்வு பெற்றவன், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். கூப்பிடாத கல்யாணத்துக்கே போய்ச் சாப்பிட்டுப் பழக்கப்பட்டவன், இதற்கா போகமாட்டேன்? லாரி கிளம்பியதும் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சிப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணே, ஆண்டு மலர் போடறோம். நீங்க வேல பாத்த கதைய எழுதிக் குடுங்க" என்றார்கள்.

நான் நாலாங்கிளாஸ். அதுவும் மூன்றாங்கிளாஸ் வாத்தியாருக்கு என் முகம் சலித்துப்போனதால் ஏற்றிவிட்டது. என்னிடம் கட்டுரை கேட்பது எருமையை சைக்கிள் ஓட்டச் சொல்வது போல என்று சொன்னேன். "எருமை ஓட்டினாத்தாண்ணே எல்லாரும் நின்னு பாப்பாங்க" என்றாள் ஒரு பெண். அந்த வாய்க்காகவே எழுதுகிறேன்.

நான் முதலில் மில்லில் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்தவன். மில்லை மூடினார்கள். யாரோ சொன்னார்கள் என்று தினக்கூலிக்குத் துடைப்பம் பிடிக்க இந்த ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தேன். முதல் நாள், மூலையில் நின்ற எலும்புக்கூட்டுக்கு ஒரு வணக்கம் வைத்தேன். புது இடம், யார் பெரிய அதிகாரி என்று நமக்கு எப்படித் தெரியும்? துடைப்பத்திலிருந்து கண்ணாடிக் குழாய் கழுவுவது, அதிலிருந்து வேன் ஓட்டுவது, அப்புறம் இரண்டும் சேர்த்து. அட்டெண்டர் கம் டிரைவர். என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயருக்குப் பக்கத்தில் இவ்வளவு எழுத்து இல்லை.

பிரிவின் தலைவி ஒரு அம்மா. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே டவுனில் குடியிருக்கும் குடும்பம். எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். குழாயைக் கழுவி வைத்தாலும் நன்றி சொல்லி "மெர்சி, ஏழுமலை" என்பார்; கழுவும்போது உடைத்தாலும், உடைந்ததை அள்ளியதற்கு "மெர்சி, ஏழுமலை" என்பார். நோயாளி உட்காரும்வரை தான் உட்காரமாட்டார். அவருக்குக் கோபம் வந்ததைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். மரியாதை கூடிவிடும். வழக்கமாக நீ, வா, போ. கோபம் வந்தால் "முசியே ஏழுமலை, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க." பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா. அந்த ஐயாவைக் கேட்டால் நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவேன்.

எலும்பு என்றால் நாய் கவ்விக்கொண்டு போகிற பொருள் என்பதுதான் அதுவரை என் அறிவு. மதாம் ஒரு நாள் வேனில் போகும்போது சொன்னார்: "உன் எலும்புக்குள்ள இப்பகூட வேல நடக்குது ஏழுமலை. ஒரு கூட்டம் பழசை அரிச்சு எடுத்துகிட்டே போகும். இன்னொரு கூட்டம் பின்னாடியே வந்து அந்தக் குழியில புதுசா பூசும். சாவுற வரைக்கும் ஓயாது."

அப்போது உழவர்கரை பக்கம் சாலையில் பள்ளம் வெட்டிப்போட்டிருந்தார்கள். வேனை ஒதுக்கிக்கொண்டே கேட்டேன்: "நம்ம ரோடு மாதிரியா மதாம்? ஒருத்தன் தோண்டுவான், ஒருத்தன் மூடுவான்."

"அதேதான். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒத்துமையா வருவாங்க. வயசானா தோண்டறவன் டயத்துக்கு வந்துடறான், மூடறவன் வரதில்ல. பொம்பளைங்களுக்கு மாசவிலக்கு நின்னப்புறம் தோண்டற ஆளு இன்னும் ஜாஸ்தி. உள்ள பொத்தலாயிடும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. தடுக்கி உழுந்தாத்தான் தெரியும்."

"தோண்டறவன புடிச்சு உக்கார வெச்சிட்டா?"

"அதுக்குத்தான் மாத்திரை" என்றார் மதாம். அந்த மாத்திரையைச் சோதிப்பதுதான் அந்த வருஷங்களில் எங்கள் வேலை.

காலையில் நான் செய்கிற முதல் காரியம் மாமனாரைத் தூக்கி மேசையில் படுக்கவைப்பது. மாமனார் என்பது ஒரு பிளாஸ்டிக் கட்டி. உள்ளே முதுகெலும்பு மாதிரி நாலு துண்டு பதித்திருக்கும். ஃபாண்டம் என்று அதற்குப் பெயர். மனுஷ எலும்பு மாறும், அது மாறாது. அதனால் ஆட்களைப் படுக்கவைக்கும் முன் தினமும் அதை ஸ்கேன் எடுப்போம். நேற்றுக் காட்டிய அளவையே இன்றும் காட்டினால் மெஷின் யோக்கியம். கூடக்குறையக் காட்டினால் மெஷின் பொய் சொல்லுகிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரையும் படுக்கவைக்கக் கூடாது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களானாலும் டீ வாங்கிக் கொடுத்து வேனில் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் அசையாமல், யாரையும் மதிக்காமல் படுத்திருக்கும் அதைப் பார்த்தால் எனக்கு என் பெண்டாட்டியின் அப்பா ஞாபகம்தான் வரும். நான் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. மதாமே ஒரு நாள், "இன்னிக்கி மாமனார் எப்டி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்தது உலோகச் சோதனை. ஒரு தட்டை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து, சுருக்குப்பையில் சில்லறை, தாலிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கும் ஊக்குகள், எல்லாம் தட்டுக்கு வரும். படத்தில் உலோகம் விழுந்தால் எலும்புக்கு இல்லாத பலத்தைக் காட்டும். தாலியைக் கழற்றச் சொல்லக் கூடாது, தோள் பக்கம் ஒதுக்கினால் போதும் என்பது மதாம் போட்ட சட்டம். உள்ளே டெக்னீசியன் அம்மா அவர்களைப் படுக்கவைப்பார். முதுகுக்கு எடுக்கும்போது காலை மடக்கி ஒரு சதுரப் பஞ்சுப்பெட்டி மேல் தூக்கி வைக்க வேண்டும். இடுப்புக்கு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு முக்கோணக் கட்டையில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். பாதம் திரும்பினால்தான் தொடை எலும்பின் கழுத்து ஒழுங்காகப் படத்தில் விழும். கூச்சம் போகட்டும் என்று நான் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பேன். அவர்கள் சிரிப்பார்கள், சிரித்தால் இடுப்பு ஆடும், மறுபடி எடுக்க வேண்டும். அதனால் ஸ்கேன் நடக்கும்போது எனக்குப் பேச்சுத் தடை. அந்தப் பிரிவில் எழுதி ஒட்டிய ஒரே தடை என் பெயரில்தான் இருந்தது.

மாத்திரைச் சோதனைக்குச் சேர்ந்த பெண்களுக்கு எலும்பு தேய ஆரம்பித்திருக்கும், ஆனால் அபாயக் கோட்டைத் தாண்டியிருக்காது. பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. மதாம் இதை முதல் கூட்டத்தில் நல்ல தமிழில் விளக்கினார். "போலி மாத்திரை" என்ற வார்த்தை வந்ததுமே நாலு பெண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மதாம் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அக்காமாருங்களே, ஒண்ணுல மருந்து, ஒண்ணுல மாவு. பாக்க ரெட்டப்புள்ள மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு மதாமுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டரு குலுக்கிப் போட்டிருக்கு. மாவு வந்தவங்களுக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை உண்டு, வருஷா வருஷம் ஸ்கேன் உண்டு. யாருக்காவது எலும்பு ரொம்ப எறங்கிச்சுன்னா உடனே நெஜ மருந்து குடுத்துடுவாங்க."

உட்கார்ந்துவிட்டார்கள். "மெர்சி, ஏழுமலை" என்றார் மதாம். குலுக்கிப் போட்டிருக்கு என்ற அந்த ஒரு பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் ராசாத்தியக்காவும் பவுனக்காவும். அண்ணியும் நாத்தனாரும். பவுனக்காவின் அண்ணன் பெண்டாட்டி ராசாத்தியக்கா. இரண்டு பேரும் மில்லில் ஒரே ஷிப்டில் தறி ஓட்டியவர்கள், இரண்டு பேரும் கணவனை இழந்தவர்கள், இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. மூலக்குளத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் பஞ்சு கூட்டிய காலத்திலிருந்தே என்னைத் தெரியும். எனவே என் பதவிக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

"டேய் பஞ்சு, நீ டாக்டராயிட்டியாமே?" என்பார் ராசாத்தியக்கா.

"பாதி டாக்டருக்கா."

"எந்தப் பாதி? மேல் பாதி காலியாத்தான இருக்கு" என்பார் பவுனக்கா.

வாரத்துக்கு ஒரு மாத்திரை. ஆனால் அதைப் போடுகிற விதம் ஒரு தவம். காலையில் எழுந்ததும் வெறும் வயிறு. ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீர். அப்புறம் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும் அல்லது நிற்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் நின்று புண்ணாக்கிவிடும். அதுவரை காபி, டீ, ஒரு வாய் இட்லிகூடக் கூடாது, எது போனாலும் மருந்து உடம்பில் ஒட்டாது. நம் ஊர்ப் பெண்களிடம் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்துதான் மதாம் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். அக்காமார் இரண்டு பேரும் வாசலில் எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு டம்ளர் தண்ணீர். ராசாத்தியக்கா கையில் சிவப்பு மூடி போட்ட ஊறுகாய் பாட்டில். உள்ளே ஊறுகாய் இல்லை, வெள்ளை மாத்திரைகள். அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து நன்றாகக் குலுக்கினார். மூடியைத் திறந்து நீட்டினார். பவுனக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை விட்டு ஒன்றை எடுத்தார். பிறகு ராசாத்தியக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள்.

சைக்கிளை நிறுத்திவிட்டேன். "இன்னாக்கா ஆட்டம் இது?"

"சீட்டு எடுக்கறோம்டா."

"எந்தச் சீட்டு?"

"உன் சீட்டுதான். நீதான சொன்ன கம்ப்யூட்டரு குலுக்கிப் போடுதுன்னு. அது ஒரு தடவ குலுக்கிட்டு வுட்டுடுச்சு. நாங்க வாரா வாரம் குலுக்கறோம்."

"ரெண்டு பேரு பாட்டிலையும் ஒண்ணா கொட்டிட்டீங்களா?"

"பின்ன? மில்லுல குலுக்கல் சீட்டு போட்டமே, ஒருத்திக்கே எல்லா மாசமும் உழுந்துச்சா? சுத்தி வந்துச்சில்ல? ஒருத்தி வருஷம் பூரா மருந்து துன்னணும், ஒருத்தி வருஷம் பூரா மாவு துன்னணும்னா அது இன்னாடா சீட்டு?"

"எப்பலேருந்து?"

"மொத பாட்டில்லேருந்து" என்றார் பவுனக்கா பெருமையாக.

விதிமுறையை மீறினால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். இவர்களை எடுத்துவிட்டால் ஸ்கேன் இல்லை, வேன் இல்லை, எலும்பு இறங்கினால் கண்டுபிடிக்கவும் ஆளில்லை. பவுனக்காவின் போன ஸ்கேன் அபாயக் கோட்டுக்கு மேலே நூலிழையில் நின்றது எனக்குத் தெரியும். "யார் கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு சொல்லக் கூடாது? திருடியா துன்னோம்?" என்றார் ராசாத்தியக்கா.

அன்றைக்குக் கறி வாங்கினேன், சமைத்தார்கள், எனக்கு இறங்கவில்லை. "கறி தாராம எலும்பா போட்டானா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. எலும்புதான், ஆனால் ஆட்டெலும்பு இல்லை.

திங்கட்கிழமை காலை மாமனாரைப் படுக்கவைத்தோம். மெஷின் யோக்கியமாக இருந்தது. மதாம் அந்த அளவைப் பார்த்துத் தலையசைத்ததும் நான் சொல்லிவிட்டேன். முசியே என்ற வார்த்தைக்காகக் காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். மதாம் அளவுத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு கேட்டார்: "ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு மாத்திரை போடறாங்க?"

அடுத்த ஞாயிறு வேனில் போகும்போது மெதுவாகக் கேட்டேன். "ரெண்டு பேருதான மதாம். நூத்துக்கணக்குல ரெண்டு பேரு."

"நமக்குத் தெரிஞ்சது ரெண்டு. இன்னும் எத்தன வீட்டுல எத்தன பாட்டில் இருக்கோ?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மருந்து நம்ம ஊரு பொம்பளைங்களுக்குக் கேக்குமா கேக்காதான்னு யாருக்கும் தெரியாது ஏழுமலை. எல்லாம் வேற தேசத்து எலும்பை வெச்சு எழுதினது. நான் தப்பா சொல்லிட்டேன்னா, வீண் மாத்திரையைக் காலம் பூரா முழுங்குவாங்க. இல்லேன்னா நல்ல மருந்தை வேணாம்னு வுட்டுடுவாங்க."

ஸ்டூல்கள் தயாராக இருந்தன. பாட்டிலும் இருந்தது. மதாமைப் பார்த்ததும் அக்காமார் எழுந்தார்கள். அவர்கள் உட்காரும்வரை மதாம் உட்காரமாட்டார், மதாம் உட்காராமல் அவர்கள் உட்காரமாட்டார்கள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசியில் நான்தான், "எல்லாருக்கும் கால் எலும்பு இருக்கா இல்லியா, உக்காருங்க" என்றேன். மதாம் வாசற்படியில், தரையில் உட்கார்ந்தார். அவரும் அன்றைக்குக் காபி குடிக்காமல்தான் வந்திருந்தார்.

திட்டவில்லை. "ஏம்மா கலந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ராசாத்தியக்கா சீட்டுக் கதையைச் சொன்னார். மதாம் கேட்டுக்கொண்டு, மறுபடி பவுனக்காவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா?"

பவுனக்கா அப்போதுதான் விளையாட்டை விட்டார். "எங்கம்மா பாத்ரூம்ல உழுந்துச்சு மதாம். இடுப்பு போயிடுச்சு. அப்புறம் எழுந்துக்கவேயில்ல. நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம், ரெண்டு பேரா தூக்கிதான் குளிப்பாட்டுவோம், பொடவ மாத்துவோம். எங்களுக்குன்னு நாங்க ரெண்டு பேருதான். ஒருத்தி திடமா இருந்து ஒருத்தி உழுந்துட்டா, திடமா இருக்கறவ ஒண்டியா தூக்கணும். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி இருந்தா பாதிப் பாதியா தூக்கிக்குவோம்ல?"

மதாம் படியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க கலந்துட்டா, மருந்து வேல செய்யுதா இல்லியான்னு எனக்குத் தெரியாம போயிடும்மா. நாளைக்கி உங்க பேத்தி வந்து என்ன துன்றதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"எங்களுக்குத்தான் பேத்தியே இல்லியே" என்றார் ராசாத்தியக்கா. பிறகு என்னைக் காட்டினார். "இவனுக்கு இருக்கு. அது வந்து கேக்கும். அதுவும் இவன் மாதிரி கேள்வி கேட்டே கொல்லும்."

மதாம் சிரித்துவிட்டார். பிறகு இரண்டு வழி சொன்னார். வேண்டாம் என்றால் மனக்கசப்பு இல்லாமல் சோதனையிலிருந்து விலகலாம், புறநோயாளிப் பிரிவில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இருப்பதென்றால் கலந்ததை ஒதுக்கிவிட்டு ஆளுக்கொரு புதுப் பாட்டில், இனி அவரவர் மாத்திரை அவரவருக்கு. இதுவரை கலந்ததை மறைக்காமல் அப்படியே எழுதி வைப்போம்.

"இவங்கள எந்தக் கட்சியில சேப்பீங்க மதாம்? மருந்துக் கட்சியா மாவுக் கட்சியா?" என்று நான் நடுவில் விழுந்தேன்.

"கம்ப்யூட்டர் எந்தக் கட்சியில போட்டுச்சோ அதுலயேதான் கடைசி வரைக்கும் எண்ணணும். நமக்கு சௌகரியமா மாத்தக் கூடாது."

"வெலகறதா?" என்றார் ராசாத்தியக்கா. கட்சி என்ற வார்த்தை அவரைத் தட்டிவிட்டது. "மில்லு ஸ்டிரைக்குல அடி வாங்கினப்போகூட நாங்க நடுவுல வெளிய வந்ததில்ல. கைநாட்டு வெச்சிட்டோம். இருக்கோம்."

"இருந்தாலும் அவளுக்கு ஒண்ணும் குடுக்காம நான் மட்டும் எப்டி துன்றது?" என்றார் பவுனக்கா.

அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ராசாத்தியக்காவின் பாட்டில் பவுனக்காவிடம், பவுனக்காவின் பாட்டில் ராசாத்தியக்காவிடம். வாரா வாரம் ஒருத்தி மாத்திரையை இன்னொருத்தி தன் கையால் எடுத்துக் கொடுப்பது. தன்னுடையதைத் தானே தொடுவதில்லை. மாத்திரை மாறாது, கொடுத்த திருப்தியும் இருக்கும். மதாம் யோசித்துவிட்டு, "இதுக்கு எந்த விதியும் குறுக்க வரல" என்றார்.

பேச்சு முடிந்ததும் அக்காமார் காபி போட்டார்கள். அதற்கப்புறம் பல ஞாயிறுகள் நானும் மதாமும் வீடு வீடாகப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தோம். வேறு யாரும் கலக்கவில்லை. ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்திருந்தார்கள், அது தனிக் கதை.

சோதனை முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தபோது, மழைக்காலத்தில், ரேஷன் கடை வாசல் சேற்றில் பவுனக்கா வழுக்கினார். பக்கத்தில் நின்ற ராசாத்தியக்கா அரிசிப் பையைப் போட்டுவிட்டு அவரைப் பிடித்தார். பிடித்தபடியே கீழே போனார், கையை ஊன்றினார். பவுனக்கா அவர் மேல் விழுந்தார். நான் வேனை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பவுனக்காவுக்குச் சேறுதான், காயம் இல்லை. ராசாத்தியக்காவின் மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். பவுனக்கா அழுதுகொண்டே திட்டினார்.

"யாரு உன்ன புடிக்க சொன்னா? உன் வயசுக்கு இன்னாத்துக்கு இந்த வீரம்?"

"புடிக்கலன்னா நீ போயிருப்ப."

"போனா போறேன்! உன்ன யாரு கேட்டா?"

"பாதிப் பாதின்னு சொன்னமே. பாதி உழுந்தேன் நானு" என்றார் ராசாத்தியக்கா. வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை. "டேய் பஞ்சு, இன்னாடா அழுவுற? ஒனக்கா ஒடஞ்சுது?"

நான் அழவில்லை. மழைத் தண்ணீர் வழிந்தது. அவ்வளவுதான்.

எலும்பு உடைந்தவர்களுக்குச் சோதனை மாத்திரையை நிறுத்தி நிஜ மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ராசாத்தியக்காவுக்கு அப்படியே ஆனது. பவுனக்காவின் எலும்பு கோட்டுக்கு மேலேயே நின்றதால் அவர் தன் பாட்டிலையே தொடர்ந்தார். பாட்டில் ராசாத்தியக்காவிடம்தான் இருந்தது. ஒரு கையில் கட்டு, இன்னொரு கையால் மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாராம், பவுனக்காவைத் தொடவிடாமல்.

சோதனை முடிந்தது. மருந்து நம் பெண்களின் எலும்புக்கும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. அதைப் பற்றி மதாம் ஆங்கிலத்தில் எழுதினார், இரண்டு பேர் மாத்திரையைக் கலந்தார்கள் என்பதையும் சேர்த்து. பிறகு, யாருக்கு எது கிடைத்தது என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல ஆரம்பித்தார். தபாலில் அனுப்பலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். "குடுத்தது நம்ம கை. சொல்றதும் நம்ம வாயா இருக்கட்டும்" என்றார்.

மூலக்குளம் வீட்டுக்கு வந்தோம். மதாம் வாசற்படியில் உட்கார்ந்தார். அக்காமார் எதிரே. "சொல்லட்டுமா?" என்றார் மதாம்.

"வேணாம் மதாம்" என்றார் ராசாத்தியக்கா.

நான் குதித்துவிட்டேன். "ஏங்க்கா? இத்தினி வருஷம் மண்டைய ஒடச்சிக்கிட்டதே இதுக்குத்தான!"

"நீ சும்மா இருடா. பவுனுக்கு மருந்து, எனக்கு மாவுன்னு வெச்சுக்க. இவ எனக்குப் பாதி குடுத்தவளா ஆயிடுவா. நான் சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. என் அண்ணன் வாங்கித் தந்த பொடவன்னு எங்கல்யாணப் பொடவையவே இன்னும் சொல்லிக் காட்டறா."

எல்லோரும் சிரித்தோம். பவுனக்கா மட்டும் சிரிக்கவில்லை. ராசாத்தியக்காவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடிய பிறகும் அது கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

"அண்ணிக்கு மருந்துன்னு இருந்துச்சுன்னா?" என்றார் மெதுவாக. "அவ மருந்துல பாதிய நான் துன்னதாலதான் அந்தக் கை ஒடஞ்சுதுன்னு ஆயிடும். சொல்லாதீங்க மதாம்."

ராசாத்தியக்கா திரும்பி நாத்தனாரைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தார், திட்டவில்லை. "காபி போடறேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

மதாம் பவுனக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "மெர்சி" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் என்னால் தாங்கவில்லை. "மதாம், எனக்காவது சொல்லுங்க. எம் பொண்டாட்டி மேல சத்தியமா யார் கிட்டயும் சொல்லமாட்டேன்."

"முசியே ஏழுமலை" என்றார் மதாம், "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

இன்றுவரை எனக்குத் தெரியாது. மதாமும் ஓய்வு பெற்றுவிட்டார், கேட்டால் அதே முசியேதான்.

பழைய மெஷின் போகும் முன், கடைசியாக அதில் படுத்தவர்களில் நானும் ஒருவன். ஆம்பிளை எலும்பும் தேயும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், என் எலும்பும் தேயும் என்பதுதான் புதுச் செய்தி. உயரமும் கொஞ்சம் குறைந்திருக்கிறேனாம். என் வீட்டுக்காரி, "அதான் செருப்பு பெருசாத் தெரியுது" என்றாள். எனக்கும் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன விதியை நானே முதல் வாரமே மீறினேன். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் மறுபடி படுத்துவிட்டேன். நெஞ்செரிச்சல் மத்தியானம் வரை போகவில்லை.

செய்தி இரண்டு தெரு தள்ளிப் போனது. பவுனக்கா வந்தார், அலமாரியைத் திறந்தார், என் மாத்திரை பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வாசலில் மூன்று ஸ்டூல், மூன்று டம்ளர் தண்ணீர். மூன்று பேருக்கும் ஒரே நிஜ மருந்து. மாவு யாருக்கும் இல்லை. அதனால் மூன்று பாட்டிலையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள், அந்தச் சிவப்பு மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலில். குலுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நான் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். ராசாத்தியக்கா அந்தக் கோணல் கையால் பாட்டிலைத் தூக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் திறக்கிறார்.

"கண்ண மூடுடா பஞ்சு" என்கிறார். மூடிக்கொண்டு எடுக்கிறேன்.